முதலில் தகரம், பிறகு இன்ஜின்: குறைந்த பணத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களுக்கு

கோவையில் என் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பழைய கார் பார்க்க அவரைக் கூட்டிப்போனால் பானெட் பக்கமே போக மாட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, தரையில் சாக்கை விரித்துப் படுத்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவார். பத்து நிமிடம் கழித்துத்தான் தலை வெளியே வரும். அதற்குள் விற்பவர் இன்ஜினைப் பற்றிப் பெருமையாகப் பேச ஆரம்பித்திருப்பார். அண்ணன் சொல்வது ஒன்றுதான்: "இன்ஜின நான் பார்த்துக்கறனுங்க. தகரத்த ஆரு பார்த்துக்கறது?"

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து கிளைத்ததுதான்.

ஸ்போர்ட்ஸ் கார் என்று இங்கே எதைச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கதவும் இரண்டு சீட்டும் வைத்த வண்டியை நம்மில் பெரும்பாலானோர் போஸ்டரில்தான் பார்த்தோம். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் நம் ரோட்டில் ஓடிய வேகக் கார் ஹோண்டா சிட்டி விடெக். வெளியே பார்த்தால் சாதுவான குடும்பக் கார், உள்ளே 1.5 லிட்டர் இன்ஜினில் 106 குதிரைத்திறன். அதற்குப் போட்டியாக மறைமலை நகரில் பிறந்த ஃபோர்டு ஐகான் 1.6, நூறு குதிரைத்திறன் கொண்ட ஃபியட் பாலியோ 1.6. பிற்பாடு ஃபியஸ்டா 1.6 எஸ், திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சர் செடியா. அன்று ஆசைப்பட்டுப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இன்று சம்பாதிக்கிறார்கள். வண்டிகளின் விலையும் கைக்கு எட்டும் தூரத்துக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் வயது அவற்றுக்கும் ஏறியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். மூன்று லட்சம் இருந்தால் உங்கள் வண்டியின் விலை இரண்டு லட்சம். மீதி ஒரு லட்சம் டயர், பிரேக், பெல்ட், ஹோஸ், புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றுக்கு. அந்தப் பணத்தையும் சேர்த்து இன்னும் கொஞ்சம் நல்ல வண்டி வாங்கலாமே என்று தோன்றும். இருபது வயது வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் ஆறு மாதத்தில் அந்த ஒரு லட்சத்தைக் கேட்டே தீரும். கொடுக்க முடியாதவர்கள் வண்டியை வீட்டு வாசலில் கவர் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நின்றுபோன நல்ல வண்டிகளைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

வண்டியைத் தேடும் முன் அதன் உதிரிபாகத்தைத் தேடுங்கள். ஃபியட் 2019-லேயே இங்கே கார் விற்பதை நிறுத்திக்கொண்டது. ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஹோண்டா இருக்கிறது, ஆனால் அந்தப் பழைய சிட்டி 2003-லேயே நின்றுவிட்டது. ஓடத் தேவையான சாமான்கள், அதாவது கிளட்ச் செட், பிரேக் பேட், ஃபில்டர், எப்படியாவது கிடைத்துவிடும். கிடைக்காமல் அலைய விடுவது முன் கண்ணாடி, ஹெட்லைட், பம்பர், கதவு ரப்பர், பவர் விண்டோ சுவிட்ச் மாதிரியானவைதான். ஆகவே ஒரு வண்டி மனதில் விழுந்ததும் இந்த ஐந்தையும் எழுதிக்கொண்டு சென்னை புதுப்பேட்டையிலும் உங்கள் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் விசாரியுங்கள். ஐந்தில் மூன்று கிடைக்காது என்றால் அந்த மாடலை மறந்துவிடுங்கள்.

காலையில் போங்கள், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது. "நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று முந்தின நாளே சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கத்தான் முன்னாலேயே ஓடவிட்டிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள்; தயிர் ஏடு மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதோ என்ற சந்தேகம் வர வேண்டும். ரேடியேட்டரில் கலர் கலரான கூலண்ட்டுக்குப் பதில் செங்காவித் தண்ணீர் நின்றால், வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலப் புகை ஆயில் எரிவதைச் சொல்லும். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை ஓயவில்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

விடெக் வாங்குகிறவர்கள் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவையும் பாருங்கள். வால்வுகளின் போக்கை மாற்றும் அந்த ஏற்பாடு ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. ஆயில் குறைந்த விடெக்கில், எதற்காக அந்த வண்டியை வாங்குகிறோமோ அதுவே கிடைக்காது.

கீழே படுத்துப் பாருங்கள். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

இந்தக் கார்களுக்கு லாரி மாதிரி தனிச் சேசிஸ் கிடையாது. பாடியேதான் சேசிஸ். சஸ்பென்ஷன் அந்தத் தகரத்தில்தான் தொங்குகிறது. நீங்கள் வளைவில் திருப்பும்போது வண்டி கோடு பிடித்தாற்போலத் திரும்புவதும் அந்தத் தகரம் முறுக்கிக்கொள்ளாமல் நிற்பதால்தான். துரு அதைத் தின்றுவிட்டால் புது ஷாக் அப்சார்பர் போட்டும் புண்ணியமில்லை, அலைன்மென்ட் ஒரு மாதம்கூட நிற்காது. இன்ஜினை இறக்கி ரிங், பேரிங் மாற்றி ஏற்ற ஊருக்கு ஒருவர் இருக்கிறார். அரித்துப்போன தகரத்தை வெட்டிப் புதுத் தகரம் வைத்து முறையாக வெல்டிங் செய்யத் தெரிந்த டிங்கரைத் தேடிப்பிடிக்க வேண்டும். பிடித்தாலும் வேலை மாதக்கணக்கில் இழுக்கும்.

கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டில் ஆரம்பியுங்கள். உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும், பெயிண்ட் கடைசி நாள்வரை பளபளப்பாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாததால் காதைத்தான் நம்ப வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஓரத்திலிருந்து ஓரம்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் 'டங்' என்று பதில் சொல்லும். 'தொப்' என்று சத்தம் அடங்கிப்போகிற இடத்தில் பட்டி அப்பியிருக்கும், அல்லது தகரமே உளுத்திருக்கும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கி விழுந்தால் அது தகரமில்லை.

பிறகு டிக்கியில் கார்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அந்தப் பள்ளத்தைக் கையால் தடவுங்கள். பானெட்டைத் திறந்ததும் ஷாக் அப்சார்பரின் தலை வந்து உட்காரும் இடத்தையும் இரண்டு பக்க ஏப்ரனையும் பாருங்கள். கம்பெனியில் போட்ட வெல்டிங் புள்ளிகள் வரிசையாக, ஒரே இடைவெளியில் இருக்கும். ஒரு பக்கம் புள்ளி இருந்து மறுபக்கம் மழுமழுவென்று இருந்தால் அந்தப் பக்கம் பலமாக அடிபட்டு எழுந்த வண்டி. பானெட்டையும் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். அடியில் புத்தம்புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். விற்கும் வாரத்தில் அடித்த கோட்டிங் துருவைத் தடுக்க அடித்ததாக இருக்காது.

என்னைக் கேட்டால் கோவை, ஈரோடு, தருமபுரி மாதிரி உள்நாட்டு ஊர்களில் வளர்ந்த வண்டிக்கு இருபதாயிரம் கூடுதலாகக் கொடுக்கலாம். தூத்துக்குடியிலோ பெசன்ட் நகரிலோ உப்புக்காற்றில் வாசலில் நின்ற வண்டியை இரண்டு மடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைத்து வெளியூர்களுக்குப் போயின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சுருளுக்குள் ஒளிந்திருந்த கடைசி ஓரடியில் வண்டல் கோடு இருந்தால் விஷயம் முடிந்தது. சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, டாஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கனெக்டரில் பச்சைப் பூப்பு, கார்பெட்டுக்கு அடியில் மக்கல் வாடை. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், ஏ.சி. போட்டு, டிராஃபிக்கில். விற்பவர் காட்டும் ரோட்டை விட்டுவிட்டு நீங்கள் சொல்லும் ரோட்டில். நம் ஊர் வெயிலில் சிக்னல் சிக்னலாக நின்று போகும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்க வேண்டும். ஐகான் 1.6-ல் தெர்மோஸ்டாட் ஹவுசிங் பிளாஸ்டிக்கில் செய்தது. வயதானால் விரிசல் விட்டுக் கூலண்ட் கசியும். அங்கே உப்புப் பூத்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன வேலைதான், கவனிக்காமல் விட்டால் ஹெட்டையே கொண்டுபோய்விடும். காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். 'கட கட' என்றால் ஆக்சில் ஜாயின்ட் போயிருக்கிறது. நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் இரைச்சல் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கும்போது 'கர்' என்று கடித்தால் யாரோ இந்த வண்டியை வெறி பிடித்தாற்போல ஓட்டியிருக்கிறார்கள். கிளட்சுக்குப் பேரம் பேசலாம். கியர்பாக்சுக்குப் பேசாதீர்கள், திரும்பி வந்துவிடுங்கள்.

காகிதத்தை வண்டி அளவுக்கு மதியுங்கள். தனியார் காரின் ஆர்.சி. 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு எஃப்.சி. பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து இதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் இன்னும் உயர்த்திவிட்டார்கள். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் கழிந்ததா, செலுத்தாத சலான் எத்தனை என்று முதல் நாளே பார்த்துவிடலாம். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இன்னும் இருந்தால் அதை நீக்கித் தரவேண்டியது விற்பவரின் வேலை. படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முழுப் பணம்.

இன்சூரன்சில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 1000-க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் வருடத்துக்கு 3,416 ரூபாய். 1500-ஐத் தாண்டினால் 7,897 ரூபாய். சிட்டி விடெக் முதல் வரிசையில் வரும். ஐகான் 1.6, பாலியோ 1.6, இரண்டு லிட்டர் செடியா எல்லாம் இரண்டாவது வரிசை. பட்ஜெட் போடும்போதே இதை எழுதிக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

முதல் பார்வையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நல்ல சிவப்பு நிறத்தில் ஒரு வண்டி. சாயங்காலம், லேசான தூறல், ரோட்டு விளக்கு வெளிச்சத்தில் அது மினுமினுத்தது. இன்னொருவர் நாளைக் காலை வருவதாகச் சொன்னார்கள். பத்தாயிரம் கொடுத்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து ஜாக்கி போட்டுத் தூக்கியபோது ஜாக்கி ரன்னிங் போர்டுக்குள் இறங்கிவிட்டது. உள்ளே தகரத்துக்குப் பதிலாக ஃபைபரும் பட்டியும்தான் இருந்தன. அந்த ஓட்டையை நான் இன்னும் மறக்கவில்லை. ஈரமான பெயிண்ட் எல்லாவற்றையும் மறைத்துவிடும். இரவிலும் மழையிலும் வண்டி பார்க்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். ஆசை இல்லாத ஒருவரை உடன் அழைத்துப்போங்கள்.

மாற்றங்கள் செய்த வண்டியை வாங்காதீர்கள். வெட்டிய ஸ்பிரிங், இரைச்சலான சைலன்சர், அகலமான அலாய் வீல், ஏர் ஃபில்டரில் கைவைத்தது. இதற்கெல்லாம் தான் எவ்வளவு செலவழித்தேன் என்று விற்பவர் கணக்குச் சொல்வார். அத்தனையையும் பழையபடி மாற்ற எனக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்கள் கணக்குப் போடுங்கள். வெட்டிய ஸ்பிரிங் நம் ஸ்பீட் பிரேக்கர்களில் ஏறி இறங்கும்போது ஷாக் அப்சார்பரின் இருக்கையைத்தான் குத்தும். திரும்பவும் தகரத்துக்கே வந்து நிற்கிறோம். சட்டமும் இடம் கொடுக்காது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. எஃப்.சி.க்குப் போகும்போது அந்தத் தலைவலி உங்களுடையதாகிவிடும்.

கோவைக்காரர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இந்த வண்டி எத்தனை முறை ஓடியது? டிராக்கில் ஓட்டுவது குற்றமில்லை, நானும் ஓட்டியிருக்கிறேன். ஓட்டியதை மறைத்து விற்பதுதான் தவறு.

சின்னப் பணத்தில் சிக்கலான வண்டி வேண்டாம். இன்று பத்து வயதைத் தாண்டிய போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஆசையைக் கிளப்புகிற விலையில் வருகிறது. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் இரட்டைக் கிளட்ச். ஓட்டினால் விட மனசு வராது, எனக்கும் வரவில்லை. அந்த கியர்பாக்சின் மெக்கட்ரானிக்ஸ் பெட்டி மண்டையைப் போட்டால் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். ஆக்டேவியா ஆர்.எஸ்.சும் அப்படித்தான்: 2004-ல் 150 குதிரைத்திறனோடு வந்த அருமையான கார், ஆனால் இருபது வயது டர்போவையும் அதன் ஹோஸ்களையும் பராமரிக்க வேறு ஒரு பர்ஸ் வேண்டும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், கையால் போடும் கியர். குறைந்த பணத்துக்கு இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பாதி வேலை முடிந்த வண்டியை வாங்காதீர்கள். "சாமான் எல்லாம் டிக்கியில இருக்கு, மாட்டினா போதும்." மாட்டினால் போதும் என்றால் அவரே மாட்டியிருப்பார்.

டெல்லி வண்டியின் விலையில் மயங்காதீர்கள். தலைநகர் வட்டாரத்தில் பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டு என்ற கட்டுப்பாடு வந்ததிலிருந்து அங்கத்தி வண்டிகள் மலிவாகத் தெற்கே இறங்குகின்றன. என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, நம் எண்ணுக்கு மாற்றி முடிக்கும்போது அந்த மலிவு கரைந்துவிடும். என்.ஓ.சி. கையில் இல்லாத வெளிமாநில வண்டியைப் பார்க்கவே போகாதீர்கள்.

மீட்டரை நம்பாதீர்கள். இருபத்திரண்டு வயது வண்டியில் 58,000 கிலோமீட்டர் என்று காட்டினால் பெடல் ரப்பரைப் பாருங்கள், கியர் நாபைப் பாருங்கள், டிரைவர் ஏறி இறங்கும் பக்கத்தில் சீட் விளிம்பு நைந்திருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரைத் திருப்புகிறவர்கள் பெடல் ரப்பரை மாற்ற மறந்துவிடுவார்கள். 1,60,000 ஓடி, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பில் வைத்திருக்கிற வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் வைப்பேன்.

வாங்கிய அன்றே வேகம் பார்க்காதீர்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக் கிடையாது. உங்களைக் காப்பாற்றப் போவது டயரும் பிரேக்கும் உங்கள் நிதானமும்தான். டயரின் பக்கச்சுவரில் நான்கு எண் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும், நான்கையும் மாற்றுங்கள். பிரேக் ஆயிலை முழுக்க வடித்துப் புதிது ஊற்றச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிட்டியிலும் பாலியோவிலும் பெல்ட்தான், அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜினைத் திறக்க வேண்டிவரும். ஐகான் 1.6-ல் செயின் இருப்பதால் அந்தச் செலவு இல்லை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதை நினைத்துச் செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸ்கள் டேங்கிலிருந்து இன்ஜின்வரை ஓடுகின்றன. அவற்றையும் புது ஹோஸாக மாற்றி, கிளாம்ப்பைப் புதிதாகப் போட்டு, இன்ஜின் ஓடும்போது விரலால் தடவிப் பெட்ரோல் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஆபீசுக்கும் கடைக்கும் மட்டும் எடுத்துப் போங்கள். தினமும் காலையில் வண்டியை நகர்த்தியதும் இறங்கி, அது நின்ற இடத்தில் ஆயிலோ கூலண்ட்டோ சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தரை பத்து நாள் உலர்ந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை விடியலில் ரோடு காலியாக இருக்கும்போது மூன்றாவது கியரில் முள்ளை ஆறாயிரத்துக்கு ஏறவிடுங்கள்.